பிரிவு எழுபத்தொன்று

லண்டன் குரோய்டனில் குடிவரவுத் திணைக்களத்தின் அந்த உயரமான கட்டடத்தின் கதவு எட்டரைக்குத்தான் திறக்கும். வரிசையோ ஏழு மணிக்கே மூலை திரும்பிவிடும். 1994 பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த வரிசையின் நடுவில் குடையும் கோப்புமாகக் குலசேகரம் நின்றார். தனக்காக அல்ல. மன்னாரிலிருந்து வந்து மூன்று மாதமாகியும் ஆங்கிலத்தில் "சொறி" என்ற ஒரு சொல்லை மட்டும் கற்றிருந்த சூசைதாசனுக்குத் துணையாக.

"ஐயா, கால் விறைச்சுப் போச்சு."

"கோப்பு நனையாமல் பிடியும் காணும். கால் பிறகு சரிவரும்."

குலசேகரத்துக்கு அறுபத்துநான்கு வயது. யாழ்ப்பாணத்தில் உள்ளூராட்சி உதவி ஆணையாளராக இருந்தவர். அந்தப் பதவியை ஆங்கில முதலெழுத்துகளில் ஏ.சி.எல்.ஜி. என்பார்கள். லண்டனில் அவர் குடியிருக்கும் நோர்பரியில் இன்றைக்கும் ஏ.சி.எல்.ஜி. ஐயாதான். விண்ணப்பம் நிரப்ப, கவுன்சிலுக்குக் கடிதம் எழுத, அரச உதவிப்பணம் தரும் பெனிபிட் கந்தோரில் மொழிபெயர்க்க, எல்லாவற்றுக்கும் சனம் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். ஒருவரையும் திருப்பி அனுப்பமாட்டார். பிந்தி வந்தால் மட்டும் ஏசுவார்.

அவர் 1979இல் மேற்கு ஆபிரிக்காவில் ஒரு சிறிய நாட்டுக்குப் போய், ஏழு வருஷம் உள்ளூராட்சி ஆலோசகராக இருந்தவர் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எந்த நாடு என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. நோர்பரியில் அது வெறும் ஆபிரிக்கா. "ஐயா ஆபிரிக்காவுக்கே சட்டம் எழுதிக் குடுத்தவர்" என்று கலியாண வீடுகளில் அவரை அறிமுகப்படுத்துவார்கள். "சேச்சே, அப்பிடியெல்லாம் இல்லை" என்பார். சொல்லிக்கொண்டே கழுத்துப்பட்டியைச் சரிசெய்வார்.

"மிஸ்டர் குலா!"

வரிசையின் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. லண்டனில் அவரை அப்படிக் கூப்பிட ஆள் கிடையாது. திரும்பினார். தோள் அளவுக்குப் பொருந்தாத பெரிய மேலங்கிக்குள் நெட்டையான ஒரு மனிதன். தாடியில் நரை. சிரித்தபோது முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி.

"பொக்காரி?"

"நானேதான். எங்கள் நாட்டில் ஒருவருக்கும் வரிசையில் நிற்கத் தெரியாது என்று தினமும் திட்டுவீர்களே. பாருங்கள், இப்போது நன்றாகப் படித்துவிட்டேன்."

குலசேகரம் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பொக்காரி அந்த நாட்டில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். அவரோடு உள்ளூராட்சிச் சட்டம் எழுதிய குழுவின் செயலாளர். அவர் புறப்பட்ட மறுவருஷம் லம்பாயா மாவட்ட சபையின் தலைவராகத் தெரிவாகியிருந்தான். புதுச் சட்டத்தின் கீழ் நடந்த முதல் தேர்தல் அது. கடிதம் போட்டிருந்தான். அதை அவர் இன்னும் வைத்திருந்தார்.

"ஐயாவைத் தெரியாத ஆக்கள் உலகத்தில இல்லைப்போல," என்றான் சூசைதாசன்.

பொக்காரி மேலங்கிக்குள்ளிருந்து ஒரு கடித உறையை எடுத்து நீட்டினான். "உங்களுக்குக் கடிதங்கள் வாசிக்கப் பிடிக்குமே. இதை வாசியுங்கள்."

இரண்டு பக்கம். அகதித் தஞ்சம் மறுக்கப்பட்ட கடிதம். நான்காம் பந்தியில் குலசேகரத்தின் கண் நின்றது.

"லம்பாயா மாவட்ட சபை, 1984ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 71ஆம் பிரிவின் கீழ் முறைப்படி கலைக்கப்பட்டது. நீங்கள் 72ஆம் பிரிவின்படி சபையின் முத்திரையை விசேட ஆணையாளரிடம் கையளிக்க மறுத்தீர்கள். பொலிசார் உங்களைத் தேடுவது இந்தச் சாதாரண குற்றத்துக்காகவே. இது துன்புறுத்தல் ஆகாது."

ஒரு மழைத்துளி கடிதத்தில் விழுந்தது. குலசேகரம் அதை விரலால் துடைத்தார். மை கலையவில்லை.

"எழுபத்தொன்று," என்றான் பொக்காரி. "நினைவிருக்கிறதா? சிவப்பு வாளி."

*

நினைவில்லாமல் என்ன!

அந்த நாட்டில் அதுவரை மாவட்டங்களை ஆண்டவர்கள் தலைநகரிலிருந்து வந்த அதிகாரிகள். வரி இங்கே வாங்குவார்கள், வீதி அங்கே போடுவார்கள். புது ஜனாதிபதிக்கு அதை மாற்றும் ஆசை வந்தது. வெளிநாட்டு உதவியும் வந்தது. தபால் கந்தோருக்கு மேலே ஒரு அறை, ஏழு பேர் கொண்ட குழு, ஆலோசகர் குலசேகரம். ஒன்றரை வருஷம் உட்கார்ந்து எழுதினார்கள்.

நல்ல சட்டம். சந்தை வரி மாவட்டத்திலேயே தங்க வேண்டும். சபைக் கணக்கு சந்தை வாசலில் ஒட்டப்பட வேண்டும். சந்தையில் விற்கும் பெண்களுக்குச் சபையில் இரண்டு ஆசனம். அந்த இரண்டு ஆசனத்துக்காகக் குலசேகரம் அமைச்சரோடு மூன்று தரம் சண்டை பிடித்தார்.

பிறகு எழுபத்தொன்றாம் பிரிவு வந்தது. ஒரு சபை தன் கடமையைச் சரியாகச் செய்யவில்லை என்று அமைச்சர் கருதினால், வர்த்தமானி என்ற அரச இதழில் ஒரு அறிவித்தல் போட்டு அதைக் கலைக்கலாம். அதன் இடத்தில் ஒரு விசேட ஆணையாளரை நியமிக்கலாம். அவருக்குச் சபையின் எல்லா அதிகாரமும் உண்டு.

பொக்காரி அன்றைக்கே கேட்டான். "எழுபது பிரிவுகளில் கொடுக்கிறோம். இந்த ஒன்றில் எல்லாவற்றையும் திருப்பி வாங்குகிறோம். இதை யார் கேட்டார்கள்?"

ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் உண்மை. ஜனாதிபதி கேட்கவில்லை, அமைச்சர் கேட்கவில்லை. குலசேகரம் ஊரிலிருந்து கொண்டுபோன பழைய சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவு இருந்தது. அது இல்லாத ஒரு உள்ளூராட்சிச் சட்டத்தை அவர் கண்டதில்லை. கூரையில்லாத வீடுபோல இருக்கும் என்று பட்டது. போட்டார்.

"எங்கள் மாவட்டக் கச்சேரி அலுவலகத் தாழ்வாரத்தில் சிவப்பு வாளிகளில் மணல் நிரப்பித் தொங்கவிட்டிருப்பார்கள்," என்று குழுவுக்கு விளக்கினார். "தீப்பிடித்தால் கொட்ட. நான் இருந்த காலத்தில் ஒருநாளும் கொட்டியதில்லை. அதற்காக வாளியைக் கழற்றி வைப்பார்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் ஏழு பேரில் ஐந்து பேர் அந்தப் பிரிவு வேண்டாம் என்றே கை உயர்த்தினார்கள். ஆலோசகர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆலோசகரின் சொல்லுக்கு அந்த அறையில் மேல் சொல் இல்லை.

அவர்களுக்கு ஒன்றை அவர் சொல்லவில்லை. 1974இல், யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு பட்டின சபை கலைக்கப்பட்டபோது, பதினான்கு மாதம் அதற்கு விசேட ஆணையாளராக இருந்தவர் அவரேதான். நல்ல பதினான்கு மாதம். கூச்சல் இல்லை, வெளிநடப்பு இல்லை. ஏழு வருஷம் இழுபட்ட வாய்க்கால் ஆறு மாதத்தில் முடிந்தது. பதவி போன தலைவர் ஒருநாள் வந்து, கதிரைக்குப் பின்னால் விட்டுப்போன தன் குடையைக் கேட்டார். குலசேகரம் எடுத்துக் கொடுத்தார். "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

*

நோர்பரிக்கு அடுத்த தோர்ன்ரன் ஹீத்தில், மரக்கறிக் கடை ஒன்றுக்கு மேலே இருந்தது நிர்மலாவின் அலுவலகம். முப்பது வயது வழக்கறிஞர். கொழும்பில் பிறந்து, ஐந்து வயதில் லண்டன் வந்தவள். பொக்காரியின் மேன்முறையீட்டைக் குலசேகரம் அவளிடம்தான் கொண்டுபோனார்.

நடந்தது சுருக்கமானது. லம்பாயாவில் சபை புதிதாகச் சந்தை கட்டியது. அமைச்சரின் தம்பி அதைத் தன் பெயரில் குத்தகைக்குக் கேட்டான். பொக்காரி மறுத்தான். 1992இல் சபையைக் கலைக்கும் வர்த்தமானி வந்தது. விசேட ஆணையாளர் ஒரு லொறி நிறையப் பொலிசோடு வந்து இறங்கினார். சபை முத்திரை குத்தாமல் குத்தகை செல்லாது. பொக்காரி முத்திரையை எடுத்துக்கொண்டு பின்கதவால் போனான். உபதலைவி மரியாமாவைப் பிடித்தார்கள். மீன் விற்கிற பெண். அந்த இரண்டு ஆசனங்களில் ஒன்றில் வந்தவள். மூன்றாம் கிழமை பொலிஸ் கூண்டில் இறந்துபோனாள். பொக்காரி, முத்திரையைக் மரவள்ளி மா மூட்டைக்குள் ஒளித்து எல்லை கடந்தான்.

"புது முத்திரை செய்ய அவர்களுக்கு ஒரு வாரம் போதுமே?" என்று நிர்மலா கேட்டாள்.

"நான்கு நாளில் செய்துவிட்டார்கள்," என்றான் பொக்காரி.

அவனைத் திருப்பி அனுப்பினால் போய் இறங்குவது அதே பொலிசின் கையில். மூன்று பேருக்கும் அது தெரியும்.

நிர்மலா குலசேகரத்தின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். "அங்கிள், இங்கத்த அரசாங்கம் சொல்லுறது இவ்வளவுதான். சட்டப்படி கலைச்சது, சட்டப்படி தேடுறது. நாங்கள் அந்தச் சட்டமே ஆக்களை அடக்கிற ஒரு ஆயுதம் எண்டு காட்டவேணும். எழுதினவரே வந்து சொன்னால் அதைவிட என்ன சாட்சி?"

"அதை ஆயுதமா நினைச்சு எழுதேல்லை, பிள்ளை."

"நீங்கள் என்னவா நினைச்சனீங்கள் எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். அந்த நாட்டில அவை என்னவாப் பாவிச்சவை எண்டு சொல்லுங்கோ. பிரிவு பிழை, நான் போட்டது பிழை. ஏலுமோ?"

"ஏலும்," என்றார் குலசேகரம்.

வீட்டில் மனைவி தவநாயகிக்குச் சிரிப்பு வந்தது. "பிழை விட்டனான் எண்டு எழுதிக் குடுக்கப் போறியளோ? நீங்களோ? கறிக்கு உப்புக் கூடிப்போச்செண்டு நீங்கள் சொல்ல, இல்லை எண்டு நான் சொன்னால், மூண்டு நாளைக்கு விளக்கம் தாற மனுசன்."

"அது வேற, இது வேற."

"அந்தப் பொடியனுக்காக எண்டால் எழுதுங்கோ. வடிவா எழுதுங்கோ." அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். ஆபிரிக்காவில் இருந்த காலத்தில் அவளுக்கு மலேரியா வந்தபோது, பொக்காரிதான் மழைக்குள் சைக்கிளில் போய் டொக்டரைக் கூட்டிவந்தவன்.

வாக்குமூலம் இருபத்துமூன்று பந்தியில் வந்தது. எல்லாவற்றுக்கும் இலக்கமிட்டிருந்தார். பதினேழாம் பந்திக்கு மூன்று நாள் பிடித்தது. "இந்தப் பிரிவைச் சேர்க்கும்படி எவரும் என்னைக் கேட்கவில்லை. குழுவின் எதிர்ப்பை நான் ஏற்கவில்லை. அது என் பிழை." உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் அவர் எத்தனையோ பேருடைய பிழைகளைப் பற்றிக் குறிப்பு எழுதியிருக்கிறார். தன்னுடையதைப் பற்றி எழுதுவது இதுதான் முதல் தரம்.

வடமராட்சிப் பட்டின சபையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று அவர் உண்மையாகவே நினைத்தார்.

*

மே மாதம் மேன்முறையீடு விசாரணைக்கு வந்தது; ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி. நீதிமன்றம் என்று சொல்ல முடியாத சின்ன அறை. ரியூஷன் வகுப்புப்போல மேசைகள். நடுவர் தடிமனும் இருமலும் பிடித்த வயதான மனிதர். வாய்க்குள் இருமல் மிட்டாய் ஒன்றை உருட்டிக்கொண்டே எழுதினார்.

நிர்மலா கேட்ட கேள்விகளுக்குக் குலசேகரம் நன்றாகவே பதில் சொன்னார். பிரிவு எப்படி வந்தது, எப்படிப் பாவிக்கப்பட்டது, மரியாமாவுக்கு என்ன நடந்தது. "அது என் பிழை" என்றபோது குரல் அடங்கியது; ஆனாலும் சொன்னார். நடுவர் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். பொக்காரி மேசையின் கீழ் தன் முழங்காலைத் தட்டிக்கொண்டான். நிர்மலாவின் முகம் முதல் தடவையாகத் தெளிந்தது.

பிறகு அரசாங்கத் தரப்புப் பெண் எழுந்தாள். சின்ன வயது. காதில் பென்சில் செருகியிருந்தாள். மரியாதையான குரல்.

"மிஸ்டர் குலசேகரம், உங்கள் வாக்குமூலத்துக்கு நன்றி. இவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்ட ஒன்றை நான் பார்த்ததில்லை."

அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார்.

"பிரிவு எழுபத்தொன்று உங்கள் நாட்டுச் சட்டத்திலிருந்து வந்தது. அங்கே எங்கிருந்து வந்தது?"

"பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலிருந்து."

"ஆக, எங்களுடையதுதான்," என்றாள். நடுவர் புன்னகைத்தார். அவள் தொடர்ந்தாள். "உங்கள் நாட்டில் அந்தப் பிரிவு பயன்படுத்தப்பட்டதா?"

"ஆம்."

"விசேட ஆணையாளராக இருந்த எவரையாவது உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா?"

நிர்மலாவின் பேனா நின்றது.

"நான் இருந்திருக்கிறேன்."

"நீங்களா?" அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். எதையோ தேடிப் போனவள் வேறொன்றை மிதித்துவிட்டதைப்போல. காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். "எவ்வளவு காலம்?"

"பதினான்கு மாதம். ஒரு வாய்க்காலும் கட்டி முடித்தேன்."

"பதவியிழந்த தலைவர் எதிர்ப்புத் தெரிவித்தாரா?"

"தெரிவித்தார்."

"முத்திரையைக் கையளித்தாரா?"

"கையளித்தார். முதல் நாளே."

"கையளிக்காமல் எடுத்துக்கொண்டு போயிருந்தால், நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?"

யோசிக்க வேண்டிய கேள்வி. ஆனால் இந்த மாதிரிக் கேள்விக்குக் குலசேகரம் வாழ்நாளில் யோசித்ததில்லை. திணைக்களப் பரீட்சையில் கேட்கிற கேள்வி அது. பதில் தானாக வாயில் வந்தது.

"உடனே பொலிசில் முறைப்பாடு செய்திருப்பேன்."

"அவரைத் தேடிப் பிடிக்கச் சொல்லியா?"

"ஆம். சபைச் சொத்து அல்லவா? நடைமுறை அதுதான்."

நடுவர் அதை எழுதிக்கொண்டார்.

"பதவியிழந்த அந்தத் தலைவரை நீங்கள் துன்புறுத்தியதாகக் கருதுகிறீர்களா?"

இப்போது யோசித்தார். அந்தத் தலைவரின் முகம் வந்தது. குடையைக் கையில் வாங்கி, நீட்டிய தாளில் குனிந்து கையெழுத்துப் போட்ட முகம். ஆம் என்று சொல்லலாம். ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் பதினான்கு மாதமும் போய்விடும். வாய்க்கால் போய்விடும். ஏ.சி.எல்.ஜி. போய்விடும். போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால் அது உண்மையா? அவர் ஒருவரையும் அடிக்கவில்லை, கூண்டில் போடவில்லை. சத்தியம் செய்துவிட்டு நிற்கிறார்.

"இல்லை," என்றார். "ஆனால் அங்கே நடந்தது..."

"நன்றி, மிஸ்டர் குலசேகரம். வேறு கேள்விகள் இல்லை."

நிர்மலா மீண்டும் எழுந்து, மரியாமாவின் சாவைப் பற்றி இன்னொரு தரம் கேட்டாள். அவர் சொன்னார். நடுவர் அதையும் எழுதினார். ஆனால் முன்னர் 'நடைமுறை அதுதான்' என்று எழுதியதற்குக் கீழே அவர் இரண்டு கோடு இழுத்ததை மூன்று பேரும் கண்டிருந்தார்கள்.

படியில் இறங்கும்போது நிர்மலா வெடித்தாள். "அங்கிள், நீங்களே ஒரு விசேட ஆணையாளர் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே, பிள்ளை."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

பொக்காரி அவருடைய குடையை எடுத்து நீட்டினான். சாட்சிக் கதிரைக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்திருந்தார். "அந்தத் தலைவர் பிறகு என்ன ஆனார்?" என்று கேட்டான்.

"தெரியாது."

"தேடவில்லையா?"

"இல்லை."

"நல்ல வாய்க்கால் கட்டினீர்களா?"

"நல்ல வாய்க்கால்," என்றார் குலசேகரம். பொக்காரி சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

*

தீர்ப்பு ஜூலையில் வந்தது. பத்தொன்பதாம் பந்தியை நிர்மலா தொலைபேசியில் வாசித்தாள்.

"மிஸ்டர் குலசேகரம் மிகவும் நேர்மையான சாட்சி. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். இத்தகைய பிரிவு ஒழுங்கான நிர்வாகத்தின் ஒரு பகுதி என்பதையும், முத்திரையை எடுத்துச் சென்றவரைப் பொலிசார் தேடுவது எந்த நாட்டிலும் நடக்கக்கூடியது என்பதையும் அவருடைய சொந்த அனுபவமே காட்டுகிறது. உபதலைவியின் மரணம் வருந்தத்தக்கது. ஆனால் அது மேன்முறையீட்டாளருக்கும் நேரும் என்பதற்குச் சான்று இல்லை. மேன்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது."

மேலே போக அனுமதி கேட்டார்கள். அதுவும் மறுக்கப்பட்டது.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை பின்னேரம் பொக்காரி நோர்பரிக்கு வந்தான். மறுநாள் காலை குடிவரவு அலுவலகத்தில் போய்க் கையெழுத்திட வேண்டும். வெள்ளிக்கிழமை ஊருக்குத் திருப்பி அனுப்பும் விமானம். தவநாயகி தேத்தண்ணி கொடுத்தாள், பருப்பு வடை கொடுத்தாள், என்ன பேசுவதென்று தெரியாமல் இன்னும் நாலு வடையைக் கடதாசியில் சுற்றி அவன் மேலங்கிப் பைக்குள் திணித்தாள். பிறகு குசினிக்குள் போய்விட்டாள்.

பொக்காரி தன் பைக்குள்ளிருந்து ஒரு துணிப் பொதியை எடுத்து மேசையில் வைத்தான். மேசை அதிர்ந்தது. அவிழ்த்தான். பித்தளை. கைபிடியை அழுத்தினால் தாளில் பதியும் முத்திரை. லம்பாயா மாவட்ட சபை, நடுவில் ஒரு பனைமரம். அந்தப் பனையை வரைந்து கொடுத்தவரும் குலசேகரம்தான்.

"இதோடு இறங்கினால் விமான நிலையத்திலேயே கதை முடிந்தது," என்றான். "தேம்ஸ் ஆற்றில் போட நினைத்து, பாலத்துக்கும் போனேன். மனம் வரவில்லை. சபைச் சொத்தைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்று நீங்கள் சொல்லித்தந்திருக்கிறீர்கள். நீங்கள் வைத்திருங்கள்."

குலசேகரம் தலையாட்டினார். தலையாட்டும்போதே கை மேசை லாச்சியைத் திறந்தது. தாள் வந்தது, பேனா வந்தது. பெற்றுக்கொண்ட பொருள், எண்ணிக்கை ஒன்று, நிலை நன்று. "லம்பாயா மாவட்ட சபையின் முன்னாள் தலைவர் திரு. பொக்காரி சவானே அவர்களிடமிருந்து..."

பொக்காரி எதிர்ப்பக்கத்திலிருந்தே தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்தான்.

"முன்னாள்," என்றான் மெதுவாக.

பேனா நின்றது. குலசேகரம் அந்தச் சொல்லை வெட்டினார். வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில், திருத்தம் தன்னுடையதுதான் என்று காட்டச் சின்னக் கையெழுத்தும் வைத்தார். திகதி போட்டார். தாளை நீட்டினார்.

பொக்காரி அதை வாங்கி முழுதாக வாசித்தான். நேராக்கினான். அழகாக நாலாக மடித்தான். பிறகு முத்திரைக்கு அடியில் வைத்தான்.

"இதையும் நான் கொண்டுபோக முடியாது, மிஸ்டர் குலா. இதுவும் சான்று."

வாசலில் கைகொடுத்தான். "உங்கள்மேல் கோபமில்லை" என்று ஏதாவது சொல்வான் என்று குலசேகரம் காத்துநின்றார். அவன் சொல்லவில்லை. பஸ் வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்தப் பெரிய மேலங்கியோடு ஓடினான்.

சனிக்கிழமை நிர்மலா தொலைபேசியில் வந்தாள். பொக்காரியின் நாட்டிலுள்ள ஒரு பாதிரியார் விசாரித்துச் சொன்னாராம். விமானப் படிக்கட்டின் அடியிலேயே ஜீப் நின்றது. லம்பாயா இலக்கத் தகடு. அதற்குப் பிறகு ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

"சரி, பிள்ளை," என்றார் குலசேகரம்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு சூசைதாசன் வந்து கதவைத் தட்டினான். வெள்ளைச் சேட்டு, எண்ணெய் வைத்து வாரிய தலை. அவனுடைய தஞ்சக் கோரிக்கையும் மறுக்கப்பட்டிருந்தது. மேன்முறையீட்டு விண்ணப்பத்தை மேசையில் விரித்தான். குலசேகரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயர், பிறந்த திகதி, விலாசம் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் நிரப்பிக்கொண்டு வந்தார்.

"சாட்சிகள் ஆராவது உண்டோ எண்டு கேக்கினம்."

சூசைதாசன் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டான். "ஐயாவின்ர பேரைப் போடுங்கோவன். அந்த ஆபிரிக்காக்காரன்ர வழக்கில நடுவரே உங்களைப் புகழ்ந்து எழுதினவராம். தவநாயகி அம்மா கோயிலடியில சொன்னவ. ஐயா சொன்னால் வெள்ளைக்காரன் ஒரு சொல்லும் தட்டாமல் நம்புவானாம்."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது.

குலசேகரம் கண்ணாடியைக் கழற்றினார். அலுமாரியின் மேல்தட்டில் துணிப் பொதி இருந்தது. அதைப் பார்த்தார். பிறகு விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"ஓம்," என்றார். "நம்புவாங்கள். அதாலதான் சொல்லுறன், என்ர பேரைப் போடவேண்டாம்."

"ஏனய்யா?"

குலசேகரம் பேனாவை எடுத்து, சாட்சிகள் என்ற கட்டத்துக்குள் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அதற்குப் பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைக்கப்போன கையை இழுத்துக்கொண்டார்.